வழிகாட்டிக் கருவிகளும் வானத்துக் கரகரப்பும்

"இடி இடிச்சா மீடியம் வேவ் ரேடியோ கரகரன்னு இழுக்குது. அப்போ ஜி.பி.எஸ். மட்டும் எப்படிடா அசராம இருக்கு?" என்று வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். மின்னலின் ரேடியோ இரைச்சல் ஜி.பி.எஸ். வேலை செய்யும் அதிர்வெண் வரை ஏறி வருவதில்லை. அவன் திருப்தியாகி டீ குடிக்கப் போய்விட்டான். எனக்குத்தான் திருப்தி ஆகவில்லை. ஏனென்றால் ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் பல பத்து வருடங்கள் கப்பல்களும் விமானங்களும் ரேடியோவை வைத்து வழி கண்டுபிடித்தது பெரும்பாலும் மின்னல் இரைச்சல் மிக அதிகமாக இருக்கும் அதிர்வெண்களில்தான். அந்த ரிசீவர்கள் எப்படிப் பிழைத்தன? நூலகத்திலும் வலையிலும் தோண்டியதில் கிடைத்ததை இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

முதலில் அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு மின்னல் தரையைத் தொடும்போது சுமார் 30,000 ஆம்பியர் மின்சாரம் சில மைக்ரோ செகண்டுகளில் பாய்கிறது. பாயும் பாதையோ சில கிலோமீட்டர் நீளம். அதாவது வானத்திலிருந்து தொங்கும் ஒரு பிரம்மாண்ட ஆன்டெனாவில் நொடிப்பொழுதுக்கு ஒரு மின் நிலையத்தையே இணைத்த மாதிரி. அதிலிருந்து கிளம்பும் ரேடியோ அலையின் பலம் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் உச்சத்தில் இருக்கும். அதற்கு மேலே போகப் போகக் குறையும். 100 கிலோஹெர்ட்ஸிலும் பலமாக இருக்கும், 1 மெகாஹெர்ட்ஸிலும் காதில் விழும். 30 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் பக்கத்து ஊர் மின்னல் மட்டும்தான் கேட்கும்.

பக்கத்து ஊர் என்று சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. குறைந்த அதிர்வெண் அலைகள் தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே ஒரு குழாய்க்குள் ஓடுவது போல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதனால் உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடந்தாலும் இந்தோனேசியாவில் வெட்டும் மின்னல் உங்கள் ரிசீவருக்குள் வரும். செயற்கைக்கோள்கள் எண்ணிப் பார்த்ததில் உலகம் முழுக்க நொடிக்குச் சுமார் 44 மின்னல்கள். பெரும்பங்கு வெப்ப மண்டல நிலப்பரப்புகளில் விழுகிறது: ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, தென்கிழக்கு ஆசியா. எங்கேயாவது எப்போதும் இடி இடித்துக்கொண்டுதான் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிய தொடர் இரைச்சலாகவும், அதன் மேல் பக்கத்து மின்னல்கள் 'படார் படார்' என்று தனித்தனி அடிகளாகவும் ரிசீவருக்கு வந்து சேரும்.

இரவில் இது மோசமாகும். அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு பகலில் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிட, தூரத்து மின்னலும் தாராளமாக உள்ளே வரும். ராத்திரியில் டிரான்சிஸ்டரில் சிலோனும் தூரத்து வெளிநாட்டு நிலையங்களும் நன்றாகக் கேட்கும் என்று தாத்தா பாட்டி சொல்வார்களே, அதே காரணம்தான். நல்ல பாட்டுக்குத் திறக்கும் கதவு கரகரப்புக்கும் திறக்கும்.

இந்த இரைச்சலை முதலில் உட்கார்ந்து வகைப்படுத்தியவர்களில் ஒருவர் கார்ல் ஜான்ஸ்கி. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்து ஆள். கடல் கடந்த ரேடியோ தொலைபேசியில் வரும் இரைச்சலுக்குக் காரணம் கண்டுபிடி என்று சொன்னார்கள். ஃபோர்டு காரின் சக்கரங்கள் மேல் சுழலும் ஒரு பெரிய ஆன்டெனாவைக் கட்டி, 20.5 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். அவர் பிரித்தது மூன்று வகை. பக்கத்து இடிமழை, தூரத்து இடிமழை, மூன்றாவதாக எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத ஒரு மெல்லிய 'ஸ்ஸ்ஸ்'. அந்த மூன்றாவது நம் பால்வீதியிலிருந்து வருகிறது என்று பின்னால் தெரிந்து ரேடியோ வானியல் என்ற துறையே பிறந்தது. எல்லாப் புத்தகமும் அந்த மூன்றாவதைப் பற்றித்தான் எழுதுகிறது. முதல் இரண்டையும் யாரும் மதிப்பதில்லை. நமக்கு இன்று அந்த இரண்டும்தான் வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வழிகாட்டும் ரேடியோக்கள் ஏன் இந்தச் சேற்றில் போய் இறங்கின? வேறு வழியில்லை. உயர் அதிர்வெண் அலை நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டாது. நடுக்கடலில் இருக்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து சிக்னல் போய்ச் சேர வேண்டுமென்றால் தரையை ஒட்டியே தவழ்ந்து போகும் குறைந்த அதிர்வெண் அலைதான் வேண்டும். தூரம் போவது சிக்னலுக்கு வசதி, ஆனால் அதே வசதி மின்னலுக்கும் உண்டு.

மிக எளிய கருவியிலிருந்து தொடங்குகிறேன். விமானங்களில் ஏ.டி.எஃப். என்று ஒரு கருவி உண்டு. தரையில் ஒரு சின்ன நிலையம் 200 முதல் 500 கிலோஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஒரு அதிர்வெண்ணில் சும்மா ஒலித்துக்கொண்டிருக்கும். விமானத்தில் உள்ள முள் அந்த நிலையம் இருக்கும் திசையைக் காட்டும். விமானி முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம். கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? இதில் ஒரு பயங்கரம் இருக்கிறது. பக்கத்தில் இடிமேகம் இருந்தால், ஒவ்வொரு மின்னலுக்கும் முள் நிலையத்தை விட்டுவிட்டு மேகத்தின் பக்கம் திரும்பும். கருவிக்கு என்ன தெரியும், அந்த நேரத்தில் எது பலமாகக் கத்துகிறதோ அதுதான் நிலையம். விமானி எந்த இடத்திலிருந்து விலகிப் போக வேண்டுமோ சரியாக அந்த இடத்தையே 'இங்கே வா' என்று காட்டும் வழிகாட்டி! அதுவும் பார்வை தெளிவாக இல்லாத, கருவியை மட்டும் நம்ப வேண்டிய அந்த நேரத்தில்தான். அதனால்தான் இடிமழைக்குப் பக்கத்தில் ஏ.டி.எஃப். முள்ளை நம்பாதே என்று விமானிகளின் பயிற்சிப் புத்தகங்களில் இன்றும் எச்சரிக்கை உண்டு.

இதே குறையைப் புத்திசாலிகள் வேறு மாதிரிப் பார்த்தார்கள். 1915இல் ராபர்ட் வாட்சன்-வாட் என்ற இளைஞர் பிரிட்டிஷ் வானிலைத் துறையில் சேர்ந்தார். இடிமழை எங்கே இருக்கிறது என்று விமானிகளுக்கு முன்கூட்டியே சொல்ல, இந்தக் கரகரப்பு வரும் திசையைப் பிடிப்பதுதான் அவர் வேலை. அந்த அனுபவத்தோடுதான் அவர் 1935இல் ரேடாருக்குப் போனார். 1970களில் அமெரிக்காவில் பால் ரயன் என்பவர் 'ஸ்டார்ம்ஸ்கோப்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். மேகத்தின் பக்கம் திரும்பும் ஏ.டி.எஃப். முள்ளின் கெட்ட பழக்கத்தையே உத்தியோகமாக மாற்றி, மின்னல் எங்கே என்று திரையில் புள்ளி வைத்துக் காட்டும் கருவி அது. சின்ன விமானங்களில் இடிமழையை ஒதுக்கிப் பறக்க உதவியது. திருடனையே காவலுக்கு வைத்த கதை.

இன்னும் பெரிய அளவில் இதைச் செய்தவை ஒமேகாவும் லோரானும். ஒமேகா 10 முதல் 14 கிலோஹெர்ட்ஸ் வரை. அதாவது மின்னலின் பலம் உச்சத்தில் இருக்கும் இடத்துக்கு அடுத்த வீடு! நார்வே, லைபீரியா, ஹவாய், வடக்கு டகோட்டா, ரீயூனியன் தீவு, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று உலகம் முழுக்க மொத்தமே எட்டு நிலையங்கள். அந்த எட்டை வைத்துப் பூமியில் எங்கே இருந்தாலும் சில கிலோமீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லிவிடலாம். 1997 செப்டம்பர் 30 அன்று நிறுத்தினார்கள். லோரான்-சி 100 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்தது. நிலையங்கள் துடிப்புத் துடிப்பாக அனுப்பும். இரண்டு நிலையங்களின் துடிப்புகள் வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளந்தால் வரைபடத்தில் ஒரு வளைகோடு கிடைக்கும். இன்னொரு ஜோடி இன்னொரு கோடு தரும். இரண்டும் வெட்டும் இடத்தில் நம் கப்பல். அமெரிக்கா 2010 பிப்ரவரி 8 அன்று தன் லோரான்-சி சிக்னலை நிறுத்தியது. நம் நாட்டிலும் 1990களில் பம்பாய், கல்கத்தா என்ற பெயர்களில் இரண்டு லோரான்-சி சங்கிலிகள் இருந்தன. கல்கத்தாவைப் பற்றிக் கடைசியில் பேச வேண்டியிருக்கிறது.

இப்போது ரிசீவருக்குள் போவோம். இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் செமஸ்டரில் படித்த பல விஷயங்களை இது தலைகீழாகப் புரட்டுகிறது.

நம் பாடத்தில் இரைச்சல் என்றாலே ரிசீவருக்குள் இருக்கும் வெப்ப இரைச்சல்தான். முதல் ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்க வேண்டும், அதன் இரைச்சல் எண் குறைவாக இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டோம். 100 கிலோஹெர்ட்ஸில் இந்தக் கணக்கு முழுக்க வீண். அங்கே வானத்திலிருந்து வரும் இரைச்சல் ரிசீவரின் வெப்ப இரைச்சலை விடப் பல கோடி மடங்கு பெரிது. உலகத்திலேயே சிறந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கிப் போட்டாலும் ஒரு பயனும் இல்லை. சிக்னலும் இரைச்சலும் ஒரே ஆன்டெனா வழியாகக் கைகோத்துக்கொண்டு உள்ளே வருகின்றன. ஒன்றைப் பெருக்கினால் இன்னொன்றும் பெருகும். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. ஆன்டெனா சரியில்லாவிட்டாலும் பரவாயில்லை. 100 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 3 கிலோமீட்டர். முறைப்படி பார்த்தால் கால் அலைநீள ஆன்டெனாவே 750 மீட்டர் வேண்டும். ஆனால் கப்பலில் ஓர் ஆள் உயரக் கம்பி போதும். மோசமான ஆன்டெனா சிக்னலைக் குறைக்கிறதா, அதே அளவு இரைச்சலையும் குறைக்கிறது. விகிதம் மாறாது.

இரண்டாவது, இன்னும் முக்கியம். நம் கணக்குகளில் வரும் இரைச்சல் எல்லாம் 'காஸ்ஸியன்' சாதி. எப்போதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சலசலவென்று இருக்கும், எப்போதாவதுதான் கொஞ்சம் உயரும். மின்னல் இரைச்சல் அப்படி இல்லை. பெரும்பாலான நேரம் அமைதி, திடீரென்று ஒரு பேரிடி, மறுபடி அமைதி. இதை அளக்க ஒரு எண் வைத்திருக்கிறார்கள். இரைச்சலின் ஆர்.எம்.எஸ். மதிப்புக்கும் சராசரி மதிப்புக்கும் உள்ள விகிதம். காஸ்ஸியன் இரைச்சலுக்கு அது 1.05 டெசிபல்தான் வரும். மின்னல் இரைச்சலுக்குப் பத்து டெசிபலைக்கூடத் தொடும். சராசரியைப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும், ஆனால் உள்ளே அணுகுண்டு இருக்கும் ஆள்.

இந்த மாதிரி ஆளை எப்படிச் சமாளிப்பது? ஒமேகா ரிசீவர்களிலும் பல லோரான் ரிசீவர்களிலும் செய்த வேலையை முதலில் படித்தபோது நம்ப முடியவில்லை. சிக்னலின் உயரத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்! உள்ளே வருவது பூஜ்யத்துக்கு மேலா கீழா என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, எவ்வளவு மேல், எவ்வளவு கீழ் என்பதை அழித்துவிடுவார்கள். 'ஹார்ட் லிமிட்டர்' என்று பெயர். தகவலைத் தூக்கி எறிந்தால் எப்படி நல்ல விடை வரும்?

ஊர்க் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குழாயைக் கிழக்கே போடுவதா மேற்கே போடுவதா என்று கேள்வி. யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்கள் பேச்சுக்கு அதிக மதிப்பு என்று வைத்தால், தொண்டை கிழியக் கத்தும் ஒரே ஒரு ஆள் முடிவைத் தன் பக்கம் இழுத்துவிடுவார். ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால்? மிராசுதாராக இருந்தாலும் கத்துகிறவராக இருந்தாலும் அவர் ஓட்டும் ஒன்றுதான். ஆயிரத்தில் ஒன்று கெட்டுப் போனால் என்ன குடி முழுகிவிடும்? லிமிட்டர் செய்வது இதுதான். மின்னல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது அடித்த அந்தக் கணத்தின் ஓட்டை மட்டும் கெடுக்கும். மற்ற நேரத்து அமைதியில் விழுந்த ஓட்டுகள் நல்ல ஓட்டுகள். அவற்றைக் கூட்டினால் மிகப் பலவீனமான சிக்னல் கூட மெதுவாக வெளியே எட்டிப் பார்க்கும். இரைச்சல் காஸ்ஸியனாக இருந்திருந்தால் இந்த வித்தை கொஞ்சம் நஷ்டம்தான் தரும். மின்னலாக இருப்பதால் லாபம்.

இதில் வரிசை முக்கியம். நமக்குக் கற்பித்தது, முதலில் ஃபில்டரைப் போட்டு வேண்டாத அதிர்வெண்களை வெட்டு, பிறகு மற்றதைச் செய். இங்கே அப்படிச் செய்தால் கெட்டது. குறுகிய ஃபில்டர் என்பது கோயில் மணி மாதிரி. ஒரு நொடி அடித்தாலும் வெகுநேரம் ரீங்காரம் போடும். மின்னலின் குறுகிய அடி மணியில் பட்டால் அது நீண்டு பரவி, நல்ல நேரத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அதனால் முன்பக்கம் அகலமாகத் திறந்துவிட்டு, அடி இன்னும் குறுகியதாக இருக்கும்போதே அதன் தலையை வெட்டிவிட்டு, அதன் பிறகுதான் குறுகிய ஃபில்டர். சில ரிசீவர்கள் இன்னும் கறாராக, அடி வரும் கணத்தில் வாயிலையே மூடிவிடும். அந்த நேரம் சிக்னலும் போகும், போகட்டும்.

லோரானின் துடிப்பு அமைப்பே இதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. ஒரு நிலையம் எட்டுத் துடிப்புகளை 1 மில்லி செகண்டு இடைவெளியில் அனுப்பும், முதன்மை நிலையம் ஒன்பதாவதாக ஒன்றும் சேர்க்கும். இந்தக் கூட்டம் நொடிக்குப் பத்து முதல் இருபத்தைந்து தடவை திரும்பத் திரும்ப வரும். ஒரு மின்னல் ஒன்றிரண்டு துடிப்பைத் தின்றாலும் மிச்சம் இருக்கும். ரிசீவர் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுக்கும்.

ஆனால் சராசரிக்கு விலை உண்டு, அந்த விலை நேரம். இரைச்சல் 20 டெசிபல் கூடினால், அதாவது 100 மடங்கு ஆனால், அதே துல்லியத்துக்கு 100 மடங்கு அதிக நேரம் கூட்ட வேண்டும். 1 நொடி வேலை ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும். மெதுவாகப் போகும் மீன்பிடிக் கப்பலுக்குப் பரவாயில்லை. நொடிக்கு 250 மீட்டர் பறக்கும் விமானம் அதற்குள் 25 கிலோமீட்டர் போயிருக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது இதுதான். லோரான் ரிசீவர் துடிப்பின் மூன்றாவது சுற்று முடியும் இடத்தைப் பிடிக்க வேண்டும். துடிப்பு தொடங்கி 30 மைக்ரோ செகண்டு. அதற்கு மேல் காத்திருந்தால் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை வந்து கலந்துவிடும், அதற்கு முன்னால் என்றால் துடிப்புக்குப் பலம் இருக்காது. இரைச்சல் அதிகமாக இருக்கும்போது ரிசீவர் மூன்றாவதை விட்டு இரண்டாவதையோ நான்காவதையோ பிடித்துவிடலாம். ஒரு சுற்று 10 மைக்ரோ செகண்டு. அந்த நேரத்தில் ஒளி 3 கிலோமீட்டர் போய்விடும். கவனியுங்கள், இது முள் ஆடுவது போன்ற பிழை இல்லை. எண்கள் ஆடாமல் அசையாமல் நிதானமாக நிற்கும், ஆனால் தவறான இடத்தில் நிற்கும். ஒமேகாவிலும் இதே கதைதான். அங்கே ஒரு 'லேன்' தவறினால் சுமார் 15 கிலோமீட்டர். ஆடுகிற முள்ளைப் பார்த்தால் மாலுமி சந்தேகப்படுவார். அமைதியாகப் பொய் சொல்லும் கருவியை யார் சந்தேகப்படுவார்?

விமானங்களுக்கு மட்டும் இன்னொரு தொல்லை உண்டு, இது மின்னல்கூட இல்லை. மழைத்துளியும் பனித்துகளும் உரசி உரசி விமானத்தின் உடல் மின்னேற்றம் அடையும். இறக்கை நுனிகளிலிருந்து அது கசியும்போது குறைந்த அதிர்வெண்களில் பயங்கர இரைச்சல் வரும். இறக்கையின் பின்விளிம்பில் துடைப்பக் குச்சி மாதிரி சின்னச் சின்னதாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மின்னேற்றத்தைச் சத்தமில்லாமல் வடியவிடுவதற்குத்தான் அவை. கம்பி ஆன்டெனாவுக்குப் பதில் காந்தப் புலத்தைப் பிடிக்கும் வளைய ஆன்டெனாவை வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும் என்றும் பின்னாளில் கண்டார்கள்.

ஜி.பி.எஸ். வந்த பிறகும் மின்னல் ஒரு இடத்தில் உள்ளே நுழைந்தது. ஜி.பி.எஸ். பிழையைத் திருத்தக் கரையோர நிலையங்கள் 300 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கப்பல்களுக்குத் திருத்தச் செய்தி அனுப்பும் முறை ஒன்று உண்டு, டி.ஜி.பி.எஸ். என்பார்கள். நொடிக்கு 100 அல்லது 200 பிட்தான் வேகம். எல்லாச் செயற்கைக்கோள்களின் திருத்தத்தையும் ஒரே நீளச் செய்தியாக அனுப்பினால் நடுவில் ஒரு மின்னல் பட்டு மொத்தமும் பாழ். அதனால் மூன்று மூன்று செயற்கைக்கோள்களாக உடைத்துச் சின்னச் செய்திகளாக அனுப்பினார்கள். ஒன்று போனாலும் மற்றவை தப்பிக்கும். முட்டையை ஒரே கூடையில் வைக்காதே என்பதெல்லாம் வேண்டாம், நம் பாட்டிகள் அப்பளத்தை எல்லாம் ஒரே மாடியில் காய வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான் :-)

இனி நண்பனின் கேள்வி. ஜி.பி.எஸ்.ஸின் முக்கிய அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ். அங்கே மின்னலின் பலம் தேய்ந்துபோயிருக்கும். தூரத்து மின்னலை வளைத்துக் கொண்டுவர அயனி மண்டலமும் உதவாது, அந்த அதிர்வெண்ணில் அலை அதைக் கிழித்துக்கொண்டு போய்விடும். எனவே வானத்துக் கரகரப்பு இல்லை. ஆனால் ஜி.பி.எஸ். சுகமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 20,200 கிலோமீட்டர் மேலேயிருந்து வரும் அந்தச் சிக்னல் நம் கைக்கு வரும்போது ஒரு வாட்டில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ரிசீவரின் வெப்ப இரைச்சல் அதைவிட 50 முதல் 100 மடங்கு பெரிது. 1023 சிப் கொண்ட ஒரு குறியீட்டோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் இரைச்சலுக்கு அடியிலிருந்து சிக்னலைத் தோண்டி எடுக்கிறது. இங்கே நம் பாடக் கணக்கு அப்படியே பொருந்தும். நல்ல ஆம்ப்ளிஃபயருக்கு இங்கே மதிப்பு உண்டு.

மின்னல் தொடாவிட்டாலும் வளிமண்டலம் சும்மா விடுவதில்லை. பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் வந்ததே அதனால்தான், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதும் அதனால்தான். இந்தக் கோட்டைச் சுற்றி, சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும். அவற்றின் வழியே வரும் ஜி.பி.எஸ். சிக்னல் நட்சத்திரம் போல மினுக்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களிலும், 2024இல் நடந்தது போலச் சூரியன் உச்சத்தில் இருக்கும் வருடங்களிலும் இது அதிகம். மினுக்கல் பலமாக இருந்தால் ரிசீவர் சில செயற்கைக்கோள்களைத் தவறவிடும். நம் நாவிக் செயற்கைக்கோள்கள் 1176.45 மெகாஹெர்ட்ஸோடு 2492.028 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துகின்றன. அயனி மண்டலத்தால் வரும் தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழ். கணக்குப் போட்டால் மேல் அதிர்வெண்ணில் தாமதம் கிட்டத்தட்ட நாலரை மடங்கு குறைவு. ஆனால் இது இரைச்சல் இல்லை, சிக்னலே குலைவது. இதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும், இங்கே விடுகிறேன்.

பழைய லோரான் கதையை ஏன் இவ்வளவு இழுத்தேன் என்று கேட்கலாம். அது மறுபடி வருகிறது. ஜி.பி.எஸ். சிக்னல் அவ்வளவு பலவீனம் என்பதால் ஒரு சின்ன ஜாமரே போதும், ஒரு வட்டாரத்தையே குருடாக்கிவிடலாம். நம் எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை விமானங்களில் 465 ஜி.பி.எஸ். குறுக்கீட்டுச் சம்பவங்கள் பதிவானதாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதனால் லோரானின் புது அவதாரமான இ-லோரானைப் பல நாடுகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. தென்கொரியா முயன்றது, பிரிட்டன் 2025இல் அதற்குப் பணம் ஒதுக்குவதாக அறிவித்தது. லட்சக்கணக்கான வாட் பலத்தில் வரும் சிக்னலைச் சட்டைப்பை ஜாமரால் ஒன்றும் செய்ய முடியாது என்பது இதன் பெரிய பலம்.

நம் நாட்டிலும் வேண்டும் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்கள் காட்டும் எண்கள் எல்லாம் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் அளந்தவை. அங்கே குளிர்காலத்தில் மின்னல் என்பதே அபூர்வம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வளிமண்டல இரைச்சலுக்கு உலக வரைபடங்கள் வைத்திருக்கிறது. வருடத்தை நான்கு பருவமாகவும் நாளை நான்கு நான்கு மணி நேரமாக ஆறு துண்டாகவும் பிரித்து மொத்தம் 24 படங்கள். மார்ச் முதல் மே வரையிலான படங்களில் இரவு நேரத்தை எடுத்து வங்காள விரிகுடாவைப் பாருங்கள், பிறகு வட அட்லாண்டிக்கைப் பாருங்கள். நம் பக்கம் மேடு, அவர்கள் பக்கம் பள்ளம். அந்த மாதங்களில்தான் வங்கத்தில் மாலையானால் கால்பைசாகி இடிமழை கொட்டும். கல்கத்தா சங்கிலியின் நிலையங்கள் நின்றது சரியாக அந்த மேகங்களுக்கு அடியில். அங்கே வாங்கிய 'இத்தனை கிலோமீட்டர் எட்டும்' என்ற கணக்கை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. இரைச்சல் 20 டெசிபல் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், ஈடுகட்ட 100 மடங்கு பலம் வேண்டும், அல்லது 100 மடங்கு நேரம், அல்லது நிலையங்களை நெருக்கி நெருக்கி வைக்க வேண்டும். முதலாவது நடக்காது. இரண்டாவது கப்பலுக்கு ஓரளவு சரி, விமானத்துக்கு ஆகாது. எனவே அதிக நிலையங்கள்தான் வழி, செலவும் அதற்கேற்ப ஏறும். இன்றைய ரிசீவர்கள் பழைய ஹார்ட் லிமிட்டரை விட எவ்வளவோ சாமர்த்தியமானவை, அதனால் கொஞ்சம் சலுகை கிடைக்கலாம். இருந்தாலும் திட்ட அறிக்கை எழுதுகிறவர் முதலில் விரிக்க வேண்டியது டவரின் விலைப்பட்டியலை அல்ல, ஏப்ரல் இரவின் அந்தப் படத்தை.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை. நாலு பலகைத் துண்டுகளில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் அடித்து, அதில் எனாமல் கம்பியை ஐம்பது அறுபது சுற்றுச் சுற்றுங்கள். இரண்டு முனைகளையும் கணினியின் மைக் துளைக்குக் கொடுங்கள். (இடி பக்கத்தில் இருக்கும்போது மொட்டை மாடிக்குப் போகாதீர்கள், இந்தச் சோதனைக்குத் தூரத்து மின்னலே தாராளம்.) இலவச ஸ்பெக்ட்ரம் மென்பொருள் ஏதாவது ஒன்றைத் திறந்தால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை தெரியும். கிடைமட்டமாக அசையாமல் நிற்கும் கோடுகள் பெரும்பாலும் மின்கம்பியும் மொபைல் சார்ஜரும் தரும் தொல்லை. தென் மாவட்டங்களில் 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு பளிச்சென்ற கோடு தெரிந்தால் அது திருநெல்வேலி விஜயநாராயணத்துக் கடற்படை நிலையம். மேலிருந்து கீழாக மொத்தத் திரையையும் வெட்டிக்கொண்டு போகும் செங்குத்துக் கீறல்கள்தான் மின்னல். ஒவ்வொரு கீறலும் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே நேரத்தில் தொடும், அடுத்த கணம் ஒன்றும் இருக்காது. 10 முதல் 14 வரை உள்ள பட்டையைக் கொஞ்ச நேரம் பாருங்கள், ஒமேகா ரிசீவர்கள் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போட்டால் கீறல்களை எண்ணவே முடியாது.